பதினான்கு மாதம் திறக்காத செயின் கவர்

எங்கள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவரைக் கறாரக்கா என்றுதான் எல்லோரும் சொல்வோம். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவருக்கு அதில் வருத்தமில்லை. "கறாரா இருக்கறது ஒரு குத்தமா?" என்பார்.

அந்தப் பெயர் வந்தது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். சிறிய மருத்துவமனைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய், ஐஸ் பெட்டியில் ரத்தக் குழாய்களை வாங்கிக்கொண்டு வந்து என் கவுண்டரில் ஒப்படைப்பதுதான் அவருடைய வேலை. ஒரு இடத்தில் கம்பவுண்டர் குழாயின் மேல் நோயாளியின் பெயரை எழுதியிருந்தார், ரத்தம் எடுத்த நேரத்தை எழுதவில்லை. இவர் வாங்க மறுத்துவிட்டார். "பேரு இருக்கு, நேரம் இல்லை. எழுதிக் குடுங்க, எடுத்துட்டுப் போறேன்." கம்பவுண்டர் முறைத்தார். இவர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கால் மணி நேரம் கழித்து நேரம் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு அந்த மருத்துவமனையிலிருந்து நேரம் இல்லாத குழாய் ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை.

வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன்னால் பதினோரு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தவர். அதை இழுத்து மூடியபோது, கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கணவரின் பழைய வண்டியில் ஓட்டக் கற்றுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். ஆறு வண்டிக்காரர்களில் இவர் ஒருவர்தான் பெண்.

இவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் சங்கதி அல்ல.

எங்களிடம் ஒல்லி என்று ஒரு பையன் இருந்தான். பையன் என்கிறேனே தவிர இருபத்தாறு வயது. நான்காம் எண் வண்டி அவனுடையது. ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, பேருந்துப் பணிமனை அருகே திருப்பத்தில் திரும்பி வேகமெடுக்கும்போது வண்டி அவனைத் தூக்கிப் போட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. தரையில் கிடந்தபடியே எனக்குத்தான் முதலில் போன் செய்தான். "அக்கா, ஐஸ் பெட்டியை எடுத்துக்க யாரையாவது அனுப்புங்க. வெயில்ல இருக்கு." முப்பத்தொரு குழாய்களில் இரண்டுதான் உடைந்திருந்தன. விழும்போது பெட்டியைத்தான் காப்பாற்றியிருக்கிறான்.

மருத்துவமனையில் பார்க்கப் போனவர்களிடமெல்லாம் அவன் ஒரே விஷயத்தைத்தான் சொன்னான். "கீழேயிருந்து டமார்னு ஒரு சத்தம். பின் சக்கரம் ஒரு நொடி பிடிச்சுக்கிட்டு விட்டுச்சு. செயின்தான். ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

யாரும் அந்தச் செயினைப் பார்க்கவில்லை. எங்கள் அலுவலக மேலாளர் வண்டியை ஸ்டார்ட் செய்து கூடத்தின் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "ஓடுதே. என்ன செயின்?" என்றார். பிறகு என் மேஜைக்கு வந்து, நின்றபடியே அறிக்கையைச் சொன்னார். 'அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியதால்' என்று ஆரம்பித்தது. தட்டச்சு செய்தவள் நான். அவன் எத்தனை வேகத்தில் போனான் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனாலும் தட்டினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துக்கூடப் பார்த்தேன். அந்தத் தாளை வைத்துத்தான் ஒல்லியின் வேலை போனது.

வளைந்த ஹேண்டிலை நிமிர்த்தி, வண்டியைக் கழுவி, இரண்டு வாரத்தில் அதைக் கறாரக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் ஓட்டிக்கொண்டிருந்த இரண்டாம் எண் வண்டி புதிதாக வந்த ஒருவருக்குப் போனது.

முதல் நாளே மேலாளரின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், நாலாம் நம்பர் வண்டியில செயின் கடக் கடக்னு அடிக்குது. கியர் போட்டா ஒரு உதறு உதறுது."

"செகண்ட்ஹாண்ட் வண்டிம்மா. கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்."

"சத்தம் வந்தா பரவாயில்லை சார். சத்தம் எதுக்கு வருதுன்னு பார்க்கணும்ல?"

மேலாளர் பெருமூச்சு விட்டார். மறுநாள் தெருமுனை மெக்கானிக்கை வரவழைத்தார். அந்த ஆள் வண்டியைப் பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்து வைத்தபடியே பின் சக்கர நட்டைத் தளர்த்தி, செயினை இழுத்துப் பிடிக்கும் இரண்டு பக்கத் திருகுகளையும் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக முறுக்கி, நட்டை இறுக்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் போய்விட்டார். செயினை மூடியிருக்கும் தகரக் கவரைத் திறக்கவே இல்லை. சத்தம் நின்றது. மேலாளர் என்னைப் பார்த்து, எல்லாம் தீர்ந்தது என்பதுபோலக் கையைத் தட்டிக்கொண்டார்.

இரண்டு நாளில் கறாரக்கா மறுபடி வந்தார். இப்போது வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அடியில் கிர்ரென்று ஒரு முனகல் வருகிறதாம். பெட்டி நிறைந்திருந்தால் இன்னும் மோசமாம்.

"முன்னாடி லூஸ்னு சொன்னீங்க. டைட் பண்ணா டைட்டுங்கறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"சரியா வேணும் சார். ஆள் ஏறி உட்கார்ந்தா, பள்ளத்துல இறங்கினா, செயின் இன்னும் இறுகும். அதுக்குத்தான் கொஞ்சம் தொய்வு விடறது. இப்படி முறுக்கி வெச்சா அது எங்கே போகும்? ஒண்ணு பேரிங் போகும், இல்லை செயின் அறுந்து என் காலைச் சுத்தும்."

"நீங்க மெக்கானிக்கா?"

"இல்லை சார். ஓட்டறவ."

மேலாளர் அலமாரியிலிருந்து பராமரிப்புப் பதிவேட்டை எடுத்து மேஜையில் போட்டார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு மாதமும் 'செயின் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, தொய்வு சரி செய்யப்பட்டது' என்ற வரிக்கு எதிரில் ஒரு டிக். கீழே வண்டிக்காரரின் கையெழுத்தும் கூடத்து டாக்டரின் கையெழுத்தும். "பாருங்க, எல்லாம் முறையா நடந்திருக்கு" என்றார்.

கறாரக்கா பார்த்தார். நான்காம் எண் பக்கத்தில் பதினான்கு டிக்குகள், பதினான்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில். பிறகு தன்னுடைய பழைய வண்டியின் பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் அதே டிக்குகள். கீழே அவருடைய கையெழுத்தே எட்டு மாதங்களுக்கு இருந்தது. மாதக் கடைசியில் மேலாளர் ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டுவார், வரிசையில் நின்று எல்லோரும் போட்டுக் கொடுப்பார்கள். குழாயில் நேரம் இல்லையென்றால் கால் மணி நேரம் உட்காருகிற மனுஷி, எட்டு மாதம் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

என் கவுண்டர் பக்கம் வந்தபோது முகம் சிவந்திருந்தது. அப்போதுதான் அந்தத் தொழிற்சாலைக் கதையைச் சொன்னார். அவரோடு பெல்ட்டில் நின்ற ஒரு பெண், ஓடிக்கொண்டிருந்த செயினைத் துணியால் துடைக்கப் போய் இரண்டு விரல்களை இழந்தாளாம். இயந்திரத்தை நிறுத்தினால் சூப்பர்வைசர் திட்டுவார் என்றுதான் ஓடும்போதே துடைத்தாளாம். "அறிக்கையில என்ன எழுதினாங்க தெரியுமா? தொழிலாளியோட கவனக்குறைவு. அதே வார்த்தையைத்தான் இங்கேயும் எவனோ எழுதியிருக்கான், இந்தப் பையனுக்கு."

"நான்தான்க்கா டைப் பண்ணேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டுக்கு வா. நீயும் உன் கண்ணால பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, சனிக்கிழமை வேலை முடிந்ததும் வண்டியை ஓட்டாமல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

நான் போனபோது வண்டி வீட்டு முன்னால் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நின்றது. பின் சக்கரம் தரையைத் தொடவில்லை. கியர் நியூட்ரலில் இருந்தது. கறாரக்கா சாவியை உருவி மகளிடம் கொடுத்து, "உன் பையில போடு. நான் கேக்கற வரைக்கும் யாருக்கும் குடுக்காதே, உங்க அப்பாவுக்கும்தான்" என்றார்.

"நான் என்ன திருடனா?" என்றார் கணவர். கையில் ஸ்பேனர்களும், பழைய பிரஷ்ஷும், ஒரு டப்பா மண்ணெண்ணெயும். நல்ல மனுஷர், யாரோடும் எதற்கும் சண்டைக்குப் போகாதவர். "இருந்தாலும் இதெல்லாம் உனக்கு எதுக்கு? வேற வண்டி குடுங்கன்னு கேட்டா முடிஞ்சுது."

"எனக்கு வேற வண்டி குடுப்பாங்க. இதை வேற எவன் தலையிலயாவது கட்டுவாங்க. அப்புறம்?"

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு செயின் கவரின் பக்கத்தில் குந்தியவர், அப்படியே நிறுத்திவிட்டார். கவரைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளின் தலைமேல் விரலை வைத்துத் தடவினார்.

"இங்க பாரு. இது ஸ்ப்ரே அடிச்ச பெயிண்ட். வண்டி வாங்கினப்ப நீலம் அடிச்சாங்கல்ல, அப்ப கவரோட சேர்த்து ஆணி மேலயும் அடிச்சிருக்கான். தலையில இருக்கற வெட்டுக்குள்ள வரைக்கும் பெயிண்ட் இருக்கு. ஒரு கீறல் இல்லை." எங்களை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தைந்து வருடம் பெயிண்ட் அடித்த மனுஷர், பெயிண்ட் விஷயத்தில் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை. "இந்தப் பெயிண்ட் காஞ்சதுக்கு அப்புறம் இதுல ஒரு ஸ்க்ரூடிரைவர்கூடப் படலை."

வண்டி வாங்கி நீலம் அடித்தது பதினான்கு மாதங்களுக்கு முன்னால். பதினான்கு டிக்குகள். கவரைத் திறக்காமல் செயினை எப்படிச் சுத்தம் செய்தார்கள்? மந்திரம் போட்டா?

"போட்டோ எடு" என்றார் கறாரக்கா மகளிடம். "ஆணி ஒவ்வொண்ணையும் தனித்தனியா எடு. அப்புறம் திறக்கறதை வீடியோ எடு."

ஆணிகள் லேசில் வரவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகியபோது பெயிண்ட் வட்டமாக உடைந்து உதிர்ந்தது. கவரை எடுத்ததும் உள்ளே இருந்து காய்ந்த சேறும் பழைய கிரீஸும் கலந்த கட்டிகள் தொப்பென்று விழுந்தன. அதற்குள் செயின் இருந்தது. எண்ணெயின் பளபளப்பு ஒரு இடத்திலும் இல்லை, செங்கல் தூள் பூசியதுபோலத் துரு.

"இரு, ஸ்டார்ட் பண்ணி முதல் கியர்ல விட்டுட்டு பிரஷ்ஷை வெச்சா ரெண்டு நிமிஷத்துல சுத்தமாயிடும்" என்றார் கணவர்.

"சாவியை எதுக்கு அவகிட்ட குடுத்தேன்னு நினைச்சீங்க? பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவுல விரல் போனா, கையை எடுக்கறதுக்குள்ள விரல் இருக்காது. நான் பார்த்திருக்கேன். சக்கரத்தைக் கையால சுத்துங்க. மெதுவா. சுத்தும்போது யாரும் செயினைத் தொடக்கூடாது. நின்ன அப்புறம் தொடைக்கலாம்."

அப்படியே செய்தார்கள். ஒரு சாண் துடைப்பது, கையை எடுப்பது, சக்கரத்தைத் தள்ளுவது, மறுபடி துடைப்பது. துடைக்கத் துடைக்கத்தான் நிலைமை தெரிந்தது. பல கண்ணிகள் வளைய மறுத்து, முட்டி பிடித்த கால்போல விறைத்து நின்றன. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் செயின் கம்பிபோல் இறுகியது, அரைச் சுற்றில் தொளதொளவென்று தொங்கியது. பின்பக்கப் பல்சக்கரத்தில் பற்கள் நேராக இல்லை. அலை அடித்ததுபோல எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நுனி கூர்ந்திருந்தன. கறாரக்கா சக்கரத்தின் பின்னால் செயினை இரு விரலால் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தார். நன்றாக இருக்கிற செயின் பல்லை விட்டு அசையாதாம். இது பாதிப் பல் தெரிகிற அளவுக்கு எழும்பி வந்தது.

"பாத்தியா? பாரம் விழும்போது செயின் இந்தச் சாஞ்ச பல்லு மேல ஏறும். ஏறி ஒரு நொடி நிக்கும். அப்புறம் டமார்னு அடுத்த பல்லுல விழும். அந்தப் பையன் வாயால சொன்னது அத்தனையும் இங்கே இருக்கு."

செயினின் இரு முனைகளைச் சேர்க்கும் லாக்கைக் கழற்றினார். அதில் சின்னதாக ஒரு கிளிப் உண்டு. அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். வாய் திறந்த பக்கம் முன்னால் இருந்தால் எதிலாவது பட்டுக் கழன்றுவிடும். இதில் அது தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. கறாரக்கா அதை உள்ளங்கையில் வைத்து மகளின் போனுக்கு நேராக நீட்டினார்.

"இதை இனிமே அட்ஜஸ்ட் பண்ணி ஒண்ணும் ஆகாது" என்றார். "செயினை மட்டும் மாத்தினாலும் இந்தப் பல்லு புதுச் செயினையும் தின்னுடும். செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், மூணையும் சேர்த்துத்தான் மாத்தணும்."

திங்கட்கிழமை காலை அவர் பேருந்தில் வந்தார். கையில் பெரிய பை. கவுண்டரில் நான் எனாமல் தட்டை நீட்டினேன், எப்போதும் குழாய்களை வாங்கும் தட்டு. அவர் அதில் பிளாஸ்டிக் பையில் கட்டிய செயினையும் பல்சக்கரத்தையும் வைத்தார். மேலே சீட்டு ஒட்டியிருந்தது: வண்டி எண், எடுத்த தேதி, எடுத்த நேரம். பெயர் எழுதும் இடத்தில் ஒல்லியின் முழுப்பெயர்.

"பதிஞ்சுக்கோ" என்றார்.

கவுண்டருக்கு வருவது எதுவானாலும் பதிய வேண்டும், பதிந்ததற்கு முடிவு எழுதித் தர வேண்டும் என்பது எங்கள் கூடத்தின் விதி. அன்றைய வரிசையில் பதினேழாவதாக அதைப் பதிந்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால் வேறொன்றைத் தட்டிய அதே விரல்கள்தான். இந்த முறை தட்டுவதற்கு முன்னால் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

மேலாளர் வந்து பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, "அனுமதி இல்லாம நிறுவனத்து வண்டியைப் பிரிச்சிருக்கீங்க. இது திருட்டு மாதிரி" என்றார்.

"திருட்டுன்னா எடுத்துட்டு ஒளிச்சு வெக்கணும் சார். நான் கொண்டு வந்து ரசீது கேக்கறேன்."

வரிசையில் நின்றிருந்த இரண்டு மூன்று நோயாளிகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குத்தான் உள்ளேயிருந்து பெரிய டாக்டர் எழுந்து வந்தார். கூடம் அவருடையது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தார், சீட்டைப் படித்தார். கையுறை மாட்டிக்கொண்டு பல்சக்கரத்தின் நுனியைத் தொட்டார். மகள் எடுத்த படங்களை, பெயிண்ட் உடையாத அந்த நான்கு ஆணிகளை, கறாரக்கா போனில் ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார்.

"பராமரிப்பு ரிப்போர்ட் மாசாமாசம் என் மேஜைக்கு வருதே" என்றார் டாக்டர், மேலாளரைப் பார்த்து.

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் கறாரக்கா சொன்னார்: "வருது டாக்டர். நீங்களும் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நானும் எட்டு மாசம் போட்டிருக்கேன். உங்களுக்கும் எனக்கும் எலும்பு உடையலை. அவனுக்குத்தான் உடைஞ்சுது, வேலையும் அவனுக்குத்தான் போச்சு."

டாக்டரிடம் அப்படிப் பேசியவர்களை நான் பார்த்ததில்லை. டாக்டரின் காது மடல் சிவந்தது. "அந்த விபத்து அறிக்கை?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். சார் சொன்னார், நான் தட்டினேன், இரண்டு பேருமே வண்டியைப் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

அன்று மதியமே மற்ற ஐந்து வண்டிகளின் கவர்களையும் திறந்தார்கள். இரண்டில் இதே கதி. அந்த இரண்டில் ஒன்று, கறாரக்கா எட்டு மாதம் ஓட்டிய வண்டி.

இதற்கெல்லாம் பிறகு மேலாளரைத் தண்டித்திருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அவரை ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அங்கே அவருக்குக் குளிர்சாதன அறை என்று கேள்வி. கறாரக்காவுக்குத்தான் ஒரு மெமோ வந்தது, அனுமதியின்றி பாகங்களைக் கழற்றியதற்காக. அவர் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை என் கவுண்டரில் நின்று படித்தார். பிறகு 'பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வண்டிகளுக்கும் புதுச் செயின், புதுப் பல்சக்கரங்கள் வந்தன. மெக்கானிக் மாட்டும்போது கறாரக்கா மகளின் அடி ஸ்கேலோடு பக்கத்தில் நின்றார். சக்கரத்தைச் சுற்றி, செயின் அதிகம் இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே வைத்துத்தான் அளக்க வேண்டும் என்றார். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால், கையேட்டில் போட்டிருப்பதுபோல இரண்டரை சென்டிமீட்டர் ஆட வேண்டும். திருகை இந்தப் பக்கம் எத்தனை சுற்றோ அந்தப் பக்கமும் அத்தனை, இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் கோணிக்கொள்ளும். ஆக்சில் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்கச் சொன்னார், இறுக்கும்போது மாறிவிடுமாம். கடைசியில் பின் பிரேக்கை மிதித்துப் பார்க்கச் சொன்னார். சக்கரத்தை நகர்த்தினால் பிரேக்கும் மாறியிருக்குமாம். "போதும்மா, எனக்கே பாடம் எடுக்கறீங்க" என்றார் மெக்கானிக். "பாடம் இல்லை. நாளைக்கு இதுல உட்கார்ந்து போறது நான்" என்றார் இவர்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வேலை நேரத்திலேயே, ஆறு வண்டிக்காரர்களும் அவரவர் வண்டியின் செயினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, அளந்த எண்ணைத் தங்கள் கையாலேயே எழுதுகிறார்கள். டிக் போடும் கட்டமே இல்லை. கறாரக்கா கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

ஒல்லிக்குப் புதிய கடிதம் தயாரானது. விபத்துக்குக் காரணம் வண்டியின் பராமரிப்பின்மை, ஓட்டுநரின் தவறு எதுவுமில்லை, வேலைக்குத் திரும்பலாம் என்று. நான்தான் தட்டினேன். டாக்டர் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று முறை படித்தார். நானும் கறாரக்காவும் அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. எலும்பு சரியாகக் கூடவில்லை, இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கும் வேலைக்கு இனி வர முடியாது, போன் பழுது பார்க்கும் கடையில் உட்காருகிறேன் என்றான்.

கடிதத்தை நின்றபடியே படித்தான். மடித்தான். என்னிடம் கோபப்படுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவன் சமையல் மூலையைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அக்கா, இதை எங்க அம்மாகிட்ட நீங்களே படிச்சுக் காட்டுங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆபீஸ்ல எழுதினது பொய்யா இருக்காது, நான்தான் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டியிருப்பேன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

கறாரக்கா கடிதத்தை வாங்கி என் கையில் கொடுத்தார். "நீ படி" என்றார். "சத்தமா படி."